உங்களுக்குத் தெரியுமா? எஸ்.ஜி.பி.டி. எகிறினால் என்ன அர்த்தம்

எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் சோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லாருடைய கண்ணும் முதலில் போய் நிற்பது எஸ்.ஜி.பி.டி. வரியில்தான். பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு ‘ஹெச்’ இருந்துவிட்டால் அன்றிரவு தூக்கம் போச்சு. மருத்துவரின் கண் போகும் இடம் வேறு. அதே தாளின் அடியில் யாரும் சீண்டாமல் கிடக்கும் அல்புமினைப் பார்ப்பார். அந்தத் தாளிலேயே இல்லாத ஐ.என்.ஆரையும் தட்டணு எண்ணிக்கையையும் கேட்பார்.

*

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருந்து வேலை பார்க்கும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். சில லேப்களில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சடித்திருப்பார்கள், அதே சரக்குதான். அவை எகிறினால் செல்கள் அடிபடுகின்றன என்று தெரியும். மிச்சமிருக்கும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பற்றி அவை வாயே திறக்காது. ஹெபடைடிஸ் ஏ வந்த கல்லூரி மாணவனுக்கு எஸ்.ஜி.பி.டி. இரண்டாயிரத்தைத் தொடலாம், சில வாரங்களில் முழுக்கக் குணமாகி கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். சிரோசிஸ் முற்றிய ஒருவருக்கு அதே எண் 35 என்று சமர்த்தாக இருக்கலாம். கசிவதற்கு அங்கே போதுமான செல் இல்லை.

*

எஸ்.ஜி.ஓ.டி. முதலில் புகழ் பெற்றது கல்லீரலால் அல்ல, மாரடைப்பால். நியூயார்க்கில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர் 1954-இல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த நொதி ஏறுவதைக் காட்டியது. இதயத் தசையிலும் அது ஏராளமாக உண்டு. கல்லீரல் நோயிலும் ஏறுகிறது என்பது அடுத்தடுத்து தெரியவந்தது. இத்தாலியில் டி ரிட்டிஸ் குழுவினர் வைரஸ் காமாலையில் இதைத் தனியாகத் தொடர்ந்தார்கள். இன்று மாரடைப்புக்கு ட்ரோபோனின் சோதனை வந்துவிட்டதால் எஸ்.ஜி.ஓ.டி.யை அங்கே யாரும் தேடுவதில்லை.

*

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து, முதல் வாரமே வெறியோடு எடை தூக்கிவிட்டு ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். எலும்புத் தசை அடிபட்டாலும் இந்த இரண்டு நொதிகளும் ஏறும். சந்தேகம் வந்தால் சி.கே. என்ற தசை நொதியையும் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதில் வேடிக்கைக்கு இடமில்லாத ஒரு பக்கமும் உண்டு. அடிக்கடி விழுகிற, மாடிப்படி ஏறத் திணறுகிற சின்னப் பையன்கள் ‘லிவர் கோளாறு’ என்று மாதக்கணக்கில் அலைந்த பிறகு, அது தசைச் சிதைவு நோய் என்று தெரியவந்த கதைகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆரம்பத்திலேயே ஒரு சி.கே. போதும்.

*

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, ‘எவ்வளவு நாளாகக் குடிக்கிறீர்கள்?’ என்று கேட்பார். காரணம் சுவையானது. எஸ்.ஜி.பி.டி. வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும். பல வருடம் குடித்தவர் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அதனால் அந்த எண் மட்டும் பின்தங்கிவிடுகிறது. எகிறல் பெரும்பாலும் முந்நூறைத் தாண்டாது என்பது இன்னொரு துப்பு. ஆயிரக்கணக்கில் போனால் வைரஸ், மருந்து நஞ்சு, கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

*

நோயிலிருந்து மீளும்போது எஸ்.ஜி.ஓ.டி.தான் முதலில் இறங்கும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 17 மணி நேரம், எஸ்.ஜி.பி.டி.க்கு சுமார் 47.

*

இறங்கினால் நல்லது என்றும் எப்போதும் சொல்ல முடியாது. பாரசிட்டமாலை அளவு மீறி உட்கொண்டு கல்லீரல் செயலிழக்கும் நிலையில் நொதிகள் பத்தாயிரத்தைத் தாண்டி, பிறகு மளமளவென்று இறங்கும். கூடவே ஐ.என்.ஆரும் இறங்கினால் பிழைத்தார். நொதி இறங்கி, ஐ.என்.ஆரும் பிலிருபினும் ஏறிக்கொண்டிருந்தால் நிலைமை மோசம். விறகெல்லாம் எரிந்து தீர்ந்தால் புகை குறையத்தான் செய்யும். உறவினர்கள் ‘நேற்றைவிட பாதியாகிவிட்டதே டாக்டர்’ என்று சந்தோஷப்படும்போது ஐ.சி.யூ. மருத்துவர் பதில் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

*

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் எண். அடிப்படைச் சோதனையை அமெரிக்கரான ஆர்மண்ட் குவிக் 1935-இல் உருவாக்கினார். உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. அவற்றில் ஏழாம் காரணிக்கு அரை ஆயுள் வெறும் ஆறு மணி நேரம் அளவே. அதனால் கல்லீரல் இன்று வேலை நிறுத்தம் செய்தால் நாளையே இந்த எண்ணில் தெரிந்துவிடும்.

அல்புமின் நேர் எதிர். கல்லீரல் அன்றாடம் 10 முதல் 15 கிராம் வரை தயாரிக்கிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 20 நாள். நேற்று வந்த நோயில் அது அசையாது. அல்புமின் 2.5-க்கு இறங்கியிருக்கிறதென்றால், கோளாறு பல வாரம், பல மாதமாக உள்ளே ஓடியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். சிறுநீரகம் வழியாகப் புரதம் ஒழுகினாலும், கடும் தொற்று இருந்தாலும், சாப்பாடு சரியில்லாவிட்டாலும் குறையும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

ஐ.என்.ஆர். கூடியிருக்கிறது, காமாலையும் இருக்கிறது. கல்லீரலே கெட்டுவிட்டதா, பித்தக்குழாய் மட்டும் அடைத்திருக்கிறதா? ஒரு வைட்டமின் கே ஊசி போட்டு மறுநாள் பார்ப்பது பழைய, மலிவான வழி. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது. ஊசியில் கொடுத்தால் கல்லீரல் அதை வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிடும், ஐ.என்.ஆர். சரியாகும். கொடுத்தும் சரியாகவில்லையென்றால் தொழிற்சாலையிலேயே கோளாறு. (இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறியிருப்பது மருந்தின் வேலை. இந்தக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது.)

*

ரத்தம் எடுப்பவர் நீல மூடிக் குழாயை மட்டும் கோடு வரை சரியாக நிரப்புகிறாரா என்று கவனியுங்கள். ஐ.என்.ஆருக்கான குழாய் அதுதான். உள்ளே சிட்ரேட் திரவம் ஏற்கெனவே அளந்து ஊற்றப்பட்டிருக்கும்: ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. நரம்பு கிடைக்காமல் பாதியோடு நிறுத்தினால் சிட்ரேட் அதிகமாகி, உறையும் நேரம் இல்லாத ஊருக்கு நீண்டுவிடும். ‘கொஞ்சம்தான் சார் குறைச்சல்’ என்று அனுப்பப்படும் குழாய் ஒரு நல்ல கல்லீரலையும் நோயாளியாக்கும்.

*

நம் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து மடிகின்றன. அவற்றின் சிவப்பு நிறமி உடைந்து வருவதுதான் பிலிருபின். அன்றாடம் கால் கிராமுக்குச் சற்று மேல். கல்லீரல் அதை நீரில் கரையும் வடிவுக்கு மாற்றிப் பித்தத்தில் அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் ‘டைரக்ட்’ என்றிருப்பது மாற்றி முடித்தது. ‘இன்டைரக்ட்’ என்றிருப்பது இன்னும் மாற்றப்படாதது. டச்சு மருத்துவர் வான் டென் பெர்க், முல்லர் என்பவரோடு சேர்ந்து 1916-இல் இந்தப் பிரிவினையைச் சொன்னார். எர்லிக் கண்டுபிடித்த சாயக் கரைசலோடு சில ரத்த மாதிரிகள் நேரடியாக நிறம் மாறின. மற்றவை ஆல்கஹால் சேர்த்த பிறகே மாறின. பரிசோதனைக் குழாயில் நடந்ததற்கு வைத்த பெயர் நூறு வருடம் கழித்தும் நம் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

*

டைரக்ட் பிலிருபின் மட்டுமே சிறுநீரில் வரும். கண் மஞ்சளாக இருந்து சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் கல்லீரல் அல்லது பித்தக்குழாய். கண் மஞ்சளாகி சிறுநீர் நிறம் மாறாமல் இருந்தால் சிவப்பணுக்கள் அதிகமாக உடைகின்றனவா என்றும் பார்ப்பார்கள். கண்ணில் மஞ்சள் தெரிய பிலிருபின் 2.5 அல்லது 3-ஐத் தொட வேண்டும். கேரட்டை அள்ளிச் சாப்பிட்டு மஞ்சளான தோல் இருக்கிறதே, அதில் கண் வெள்ளையாகவே இருக்கும்.

*

‘மாஸ்டர் ஹெல்த் செக்-அப்’புக்கு இரவெல்லாம் பட்டினி கிடந்து போன இளைஞருக்கு பிலிருபின் 2.1 என்று வருகிறது. மற்றதெல்லாம் நார்மல். வீட்டில் அழாத குறை. பெரும்பாலும் இது கில்பர்ட் சின்ட்ரோம். பிலிருபினை மாற்றும் நொதி பிறவியிலேயே கொஞ்சம் சோம்பல்; நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் உண்டு. பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் எண்ணை ஏற்றிவிடும். பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் 1901-இல் விவரித்தது. மருந்து தேவையில்லை, பத்தியம் தேவையில்லை. எல்.எஃப்.டி.க்கு என்று தனியாகப் பட்டினி கிடக்கவும் தேவையில்லை. செக்-அப்பில் நம்மைப் பட்டினி போடுவது சர்க்கரைக்காகவும் கொழுப்புக்காகவும்தான்.

*

பிலிருபின் மாதிரியை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது என்பது லேப்களில் பாலபாடம். இதன் பின்னால் ஒரு நர்ஸ் இருக்கிறார்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராக்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பு சிஸ்டர் வார்டு. சூடான வார்டுக்குள் அடைத்து வைப்பதைவிட வெளிக்காற்றும் வெயிலும் நல்லது என்று, நல்ல நாளாகப் பார்த்துக் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956 கோடையில் ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர்களிடம் தயங்கித் தயங்கி ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிர் நிறம்; ஓரிடத்தில் மட்டும் அடர்மஞ்சளாக ஒரு முக்கோணம். ஏதாவது மருந்து தடவினீர்களா என்று கேட்டார்கள். இல்லை, துணியின் மூலை மூடியிருந்த இடம் அது, மற்ற இடத்து மஞ்சள்தான் வெளுத்துவிட்டது என்றார் அவர். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து, காமாலை கண்ட இன்னொரு குழந்தையின் ரத்த மாதிரி இருந்த குழாய் மறதியாக வெயில் விழும் ஜன்னலோரம் கிடந்துவிட்டது. பிறகு சோதித்தபோது பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. புதிதாக எடுத்த ரத்தத்தில் எண் மறுபடி உச்சத்தில். முக்கோணத்துக்கும் குழாய்க்கும் அப்போதுதான் முடிச்சு விழுந்தது. கிரெமர், பெரிமேன், ரிச்சர்ட்ஸ் மூவரும் நீல ஒளி விளக்குகளோடு ஒரு தொட்டிலை வடிவமைத்து, 1958-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இன்று நம் பிரசவ வார்டுகளில் குழந்தையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறார்களே, அந்தச் சிகிச்சை இதுதான். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சிஸ்டர் வார்டு இல்லை.

*

வளரும் பிள்ளைகளுக்கு, எல்.எஃப்.டி.யில் வரும் ஏ.எல்.பி. என்ற நொதி பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம். எலும்பு வளர்கிறது, அவ்வளவுதான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். ஏறியதற்குக் காரணம் கல்லீரல்தானா என்று உறுதிசெய்ய ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எலும்பு விவகாரத்தில் ஜி.ஜி.டி. ஏறாது.

*

எலிக்காய்ச்சல் முற்றினால் பிலிருபின் இருபதைத் தாண்டி ஏறும், எஸ்.ஜி.பி.டி.யோ இருநூறைக்கூடத் தொடாமல் இருக்கும். டெங்குவில் எஸ்.ஜி.ஓ.டி. முந்திக்கொண்டு ஓடும். மழைக்காலத்தில் ‘வெறும் காமாலை’ என்று சொல்லிவிடுவதற்கு முன் இந்தப் பொருத்தமின்மையை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

*

ரிப்போர்ட்டின் ‘நார்மல்’ எல்லை வானத்திலிருந்து வந்ததல்ல. ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்டவர்களைச் சோதித்து, அவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் வீச்சை எல்லையாக வைப்பது வழக்கம். அப்படியானால் ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகள் செய்தால், நோயே இல்லாத ஒருவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட நூற்றுக்கு 40 வாய்ப்பு. அடுத்த சிக்கல்: அந்த ‘ஆரோக்கியமானவர்களில்’ எத்தனை பேருக்கு ஃபேட்டி லிவர்? 2002-இல் மிலானில் பிராட்டி குழுவினர் ரத்ததானம் செய்தவர்களில் பருமன், கொழுப்பு, சர்க்கரை உள்ளவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டார்கள். எஸ்.ஜி.பி.டி.யின் மேல் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று இறங்கியது. பல லேப்கள் இன்னும் இருபாலருக்கும் நாற்பதுக்கு மேலேயே கோடு போடுகின்றன. தொப்பையும் சர்க்கரையும் உள்ள பெண்மணிக்கு 38 வந்தால் ரிப்போர்ட்டில் ‘ஹெச்’ இருக்காது; எனக்கென்னவோ ஆறுதல்பட அங்கே ஒன்றுமில்லை.

*

கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தே தோராயமாகக் கணக்கிடலாம். பெயர் ஃபிப்-4, 2006-இல் ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்திருந்தவர்களுக்காக உருவானது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டணு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டு எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 50 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணு இரண்டு லட்சம் என்றால்: 2,000-ஐ 1,200-ஆல் வகுக்க 1.67. ஃபேட்டி லிவர்காரர்களுக்கு 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேல் என்றால் நிபுணரைப் பார்க்க வேண்டும். நம் உதாரணக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டார். அவருக்குத் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எழுதுவார்கள். இதே எண்கள் 30 வயதுக்காரருக்கு வந்தால் 1.0 தான். 65-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்வார்கள்.

தட்டணுவுக்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு? தழும்பேறிய கல்லீரல் வழியே ரத்தம் பாயச் சிரமப்படும். அழுத்தம் மண்ணீரல் வரை திரும்பும். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் காய்ச்சலும் இல்லாமல் வருடா வருடம் தட்டணு இறங்கிக்கொண்டே போனால் ஈரலைப் பார்க்க வேண்டும். மறுபக்கம், டெங்கு நேரத்து ரிப்போர்ட்டை வைத்து ஃபிப்-4 போட்டால் விடை பயமுறுத்தும். அர்த்தம் ஏதும் இருக்காது.

*

அடி விழுகிறது என்று நொதி சொல்லும். அடிப்பது யார் என்று சொல்ல வேறு சோதனைகள் வேண்டும். அப்படிப்பட்ட ஒன்று ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் புரதங்களின் பரம்பரை வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்த பாரூக் ப்ளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுப் புரதம் ஒன்றைக் கண்டார். ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டார். பிறகுதான் அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று புரிந்தது. 1976-இல் நோபல் பரிசு.

அதே ப்ளும்பெர்க்கின் பெயர் நம் கீழாநெல்லியோடும் சேர்ந்து வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட ஆய்வில் அவரும் ஓர் ஆசிரியர். ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்தவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. செடியின் வகை வேறு, மண் வேறு என்று விவாதம் நடந்தது. அந்த முதல் வெற்றி திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஊரில் கீழாநெல்லிக்கு இருக்கும் பெயர் வேறு கணக்கில் வந்தது. நம்மூர்க் காமாலைகளில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. பிலிருபின் ஏறி, உச்சம் தொட்டு, சில வாரங்களில் தானாக இறங்கும். உச்சத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்தாகலாம். அன்றே ஐ.என்.ஆர். பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

*

ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-இல்தான். அதற்கு முன் அமெரிக்க ரத்த வங்கிகள் எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்த ரத்தத்தை ஒதுக்கிவைத்து, பெயர் தெரியாத எதிரியைக் குத்துமதிப்பாகத் தடுத்துப் பார்த்தன. வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மைக்கேல் ஹவ்டன், கூட உழைத்த சூ, குவோ இருவரையும் சேர்க்கவில்லை என்று 2013-இல் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசை வேண்டாம் என்றார். 2020-இல் நோபல் வந்தபோது வாங்கிக்கொண்டார்.

*

காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைச் சோதிக்கும். எஸ்.ஜி.பி.டி. லேசாக ஏறி தானே இறங்குவது உண்டு. அதற்குப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. வாந்தி, பசியின்மையோடு மேல் எல்லையின் மூன்று மடங்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கு என்றால் மருத்துவர் நிறுத்திவைப்பார். நொதி மூன்று மடங்கோடு பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால் ஆபத்து வேறு ரகம். மருந்தால் அப்படி ஆனவர்களில் பத்தில் ஒருவர் அளவில் உயிரிழப்பார்கள் என்று கவனித்தவர் ஹைமன் சிம்மர்மன்; அவர் பெயராலேயே ‘ஹை விதி’ என்கிறார்கள்.

*

அமெரிக்காவில் 2002 முதல் கல்லீரல் மாற்றுக்கான வரிசையைத் தீர்மானிப்பது ‘மெல்ட்’ மதிப்பெண். ஆரம்பத்தில் மூன்றே ரத்தச் சோதனைகள்: பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின். பிறகு சோடியம் சேர்ந்தது. 6-இலிருந்து 40 வரை. கூடக் கூட அவசரம். இந்தக் கணக்கில் எஸ்.ஜி.பி.டி.க்கு இடமே இல்லை.

*

லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் பிள்ளை ‘பிலிருபின் 19’ என்று ரிப்போர்ட் அனுப்பினால் பதற வேண்டாம். அங்கே அலகு மைக்ரோமோல். 17-ஆல் வகுத்தால் நம் கணக்கு வரும்: 1.1. அல்புமின் 42 என்றிருந்தால் அது நம்மூர் 4.2. நொதிகளுக்கு மட்டும் அங்கேயும் அதே எண்.